'மூச்ச நல்லா இழுத்து வுடு'

சிங்கவரம் மலைக்கோயில் படிகளில் பாதி ஏறியிருந்தபோதுதான் எனக்கு முதன்முதலில் அது வந்தது. பத்தொன்பது வயது. நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. குடைவரைக்குள் ரங்கநாதர் நிம்மதியாகப் படுத்திருக்க, நான் வெளியே படியில் செத்துக்கொண்டிருப்பதாக நம்பினேன். "ஒன்னுமில்லடி, மூச்ச நல்லா இழுத்து வுடு" என்றார் அத்தை. இழுத்தேன். இன்னும் மோசமானது.

செஞ்சியில் பார்த்த மருத்துவர் ஈசிஜி எடுத்தார். அது சரியான காரியம்தான். பிறகு அவரும் அத்தை சொன்னதையே சொன்னார். கூடவே, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

பேனிக் அட்டாக் வரும்போது பெரும்பாலும் மூச்சு குறைவதில்லை, தேவைக்கு மேல் ஓடுகிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. ஆக்சிஜன் போதிய அளவு இருந்தும் மூச்சு முட்டுவதாகத் தோன்றுவதால் இன்னும் இழுக்கிறோம். உடலின் இந்தச் சலசலப்பை 'சாகப்போகிறேன்' என்று புரிந்துகொள்வதே பீதியை மூட்டுகிறது என்று 1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் எழுதினார். அந்த நேரத்தில் பெரிய பெரிய மூச்சாக இழுக்கச் சொல்வது எரிகிற அடுப்பில் விறகு தள்ளுவது. சின்னதாக இழுத்து மெதுவாக விட வேண்டும்.

இதை அறியாமை என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. பெண் நெஞ்சைப் பிடித்தால் வாயு, பேய், இல்லாவிட்டால் கல்யாண ஏக்கம். ஹிஸ்டீரியா என்ற பெயரே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதானே! தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ரத்தசோகையிலும் படபடப்பு வரும், தைராய்டு கோளாறிலும் வரும். எனக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

அதன்பின் இரண்டு வருடம் நான் வாசல் தாண்டவில்லை. ஒருவரும் அதை நோய் என்று சொல்லவில்லை. "அடக்கமான பொண்ணு" என்றார்கள். என் தம்பி ஒரு வாரம் வெளியே போகாமல் இருந்திருந்தால் வீடு அல்லோலகல்லோலப்பட்டிருக்கும். பேனிக் நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. ஆனால் வீட்டுக்குள் இருப்பதே பெண்ணுக்கு இலட்சணம் என்கிற ஊரில் அந்த நோயாளியை யார் கண்டுபிடிப்பது? 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்தான். மாமியார் உட்கார்ந்திருக்கும் கூடத்திலிருந்து எதைப் பேசுவது?

இதற்கான சிகிச்சையில் வேண்டுமென்றே படியேறி மூச்சிரைக்க வைப்பார்கள். இரைப்பு வேறு, சாவு வேறு என்று உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். துணையில்லாமலும் போய்ப் பழக வேண்டும் என்றார் பின்னாளில் நான் பார்த்த உளவியலாளர். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஊன்றுகோல் என்று கழற்றச் சொன்ன துணையை எங்கள் வீட்டில் மானம் என்பார்கள். "தனியாவா? மலைக்கா?" என்றார் அம்மா.

போன புரட்டாசிக்கு முன்பு ஒரு நாள் தனியாகத்தான் போனேன். கீழே துளசி விற்ற அக்கா, "தொணைக்கு யாரும் வரலியாம்மா?" என்று கேட்டார். "வரலக்கா" என்றேன். மேலே போய் உட்கார்ந்து, வாயைத் திறந்து, சத்தமாக மூச்சிரைத்தேன். அன்று இரவு வீட்டில் பெரிய சண்டை.