எல்லையோரத் தமிழர்களை எட்டாத மனநல சிகிச்சை

புது தில்லி: நாட்டில் 767 மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுமதி அளிக்கப்பட்டுள்ளதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. ஆனால், மாவட்டத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட இத்திட்டம், மொழியாலும் மலைகளாலும் பிரிந்து கிடக்கும் எல்லையோர மக்களைச் சென்றடைகிறதா என்ற கேள்வி எழுந்துள்ளது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டி வாழும் தமிழர்களின் நிலை இதற்கு உதாரணம்.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டாரங்கள் கேரளத்துடன் இணைந்தன. மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களிலும், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற கிராமங்களிலும், அட்டப்பாடியிலும் தமிழே பேச்சுமொழியாக உள்ள குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன.

முன்னோடி மாநிலம்தான், ஆனால்...

மனநல சேவையில் கேரளத்தைப் பின்தங்கிய மாநிலம் என்று கூற முடியாது. 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் செயல்படுகிறது. மருத்துவக் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே சென்று சிகிச்சை அளிக்கின்றனர். மனச்சோர்வைக் கண்டறிய "ஆஸ்வாசம்" சிகிச்சை மையங்கள் 2017-ம் ஆண்டு முதல் தொடங்கப்பட்டன.

அதே சமயம், தேவையும் அங்கு அதிகம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, ஒரு லட்சம் பேருக்கு 28.5 பேர் கேரளத்தில் தற்கொலை செய்து கொண்டுள்ளனர். தேசிய சராசரி 12.4 மட்டுமே. மாநிலத்தின் மூன்று அரசு மனநல மருத்துவமனைகளும் திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு நகரங்களில் உள்ளன. பாலக்காட்டிலோ இடுக்கியிலோ ஒன்றும் இல்லை.

சொல்லே மருந்து

காய்ச்சலுக்கு மருந்து தர நோயாளியின் மொழி பெரிய தடையல்ல. ரத்தப் பரிசோதனை பேசும். மனநோய்க்கு அத்தகைய பரிசோதனை இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டே நோய் அறியப்படுகிறது. பேசியே சிகிச்சையின் பெரும்பகுதி நடக்கிறது.

எல்லைப் பகுதியில் பணியாற்றும் மலையாள மருத்துவர்கள் பலருக்கு ஓரளவு தமிழ் தெரியும் என்பது உண்மையே. ஆனால், சந்தையில் பேரம் பேசப் போதுமான தமிழ், துயரத்தைக் கேட்டறியப் போதாது. மலையாளத்தில் "விஷமம்" என்றால் மன வருத்தம். தமிழில் அது குறும்பு. மலையாளத்தில் "சங்கடம்" என்பது துக்கம். தமிழில் அது தர்மசங்கடம். நெருங்கிய மொழிகளுக்கு இடையேதான் இத்தகைய தவறான புரிதல்கள் எளிதில் நேர்கின்றன. அட்டப்பாடியின் இருளர்களுக்கோ மலையாளம், தமிழ் இரண்டுமே தாய்மொழி அல்ல.

அதே அட்டப்பாடியில்தான், வீட்டை விட்டு விலகிக் காட்டில் வாழ்ந்து வந்த, மனநலம் பாதிக்கப்பட்ட பழங்குடி இளைஞர் ஒருவர் 2018-ம் ஆண்டு பிப்ரவரி 22-ம் தேதி திருட்டுப் பழி சுமத்தப்பட்டு கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால், மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவர் காட்டில் தனித்து வாழ நேர்ந்தது ஏன் என்ற கேள்விக்கு எந்தத் துறையும் பொறுப்பேற்கவில்லை.

தோட்டங்களின் துயரம்

தேயிலைத் தோட்டங்களில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை போனால் லயத்தில் உள்ள வீடும் போகும். பீர்மேடு பகுதியில் 2000-ம் ஆண்டு முதல் சில தோட்டங்கள் கைவிடப்பட்டபோது, தொழிலாளர் குடும்பங்கள் ஊதியமின்றித் தவித்தன. 2020-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் லயங்கள் புதையுண்டு 70 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே தெரிந்தது.

தொலைபேசி வழி ஆலோசனை இத்தகைய குறைகளைத் தீர்க்கும் என மத்திய அரசு நம்புகிறது. 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் தேதி தொடங்கப்பட்ட "டெலி மானஸ்" சேவையை 14416 என்ற எண்ணில் தமிழ் உள்பட 20 மொழிகளில் பெறலாம். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், செல்போன் சிக்னல் கிடைக்காத மலைத்தோட்டத்தில், ஒரே அறையில் குடும்பமே வசிக்கும் லயத்தில், ஒரு பெண் யாரும் கேட்காமல் தன் மனக்குறையைத் தொலைபேசியில் சொல்வது எளிதல்ல.

சட்டம் சொல்வது என்ன?

2018-ம் ஆண்டு மே 29-ம் தேதி நடைமுறைக்கு வந்த மனநல சிகிச்சைச் சட்டம் 2017, உரிமைகளைத் தெளிவாகவே வரையறுத்துள்ளது. சிகிச்சைக்காக எவரும் நெடுந்தூரம் பயணிக்க நேரக் கூடாது என்கிறது 18-வது பிரிவு. நோயின் தன்மை, சிகிச்சை முறை ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 22-வது பிரிவு.

ஆனால், இச்சட்டத்திலும் மாவட்டமே எல்லை. குறைந்தபட்ச சேவை இல்லாத மாவட்டத்தில் வசிப்பவர், அதே மாவட்டத்தில் வேறு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால்தான் செலவை அரசு ஏற்கும். போடிமெட்டு வழியாகத் தேனிக்கோ, ஆனைக்கட்டி வழியாகக் கோவைக்கோ வரும் நோயாளிக்கு இது பொருந்தாது. எல்லையைத் தாண்டியதும் அவர் வேறு மாநில நோயாளி. அவருடைய சிகிச்சைப் பதிவுகளும் ஊருக்குத் திரும்பிய பின் தொடர வேண்டிய மருந்தும் இரு மாநிலங்களுக்கு நடுவே அறுந்து போகின்றன.

முறையான சிகிச்சை கிடைக்காத குடும்பங்கள் எங்கு செல்லும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கு தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உள்பட 28 பேர் கருகி இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த பிறகே அரசுகள் விழித்துக் கொண்டன.

தில்லி செய்ய வேண்டியது

மாவட்ட மனநலத் திட்டத்துக்கு மாவட்டம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் அதிகபட்சம் ரூ. 83.20 லட்சம் வரை உதவி அளிக்கப்படுகிறது. சமவெளி மாவட்டமானாலும், இடுக்கி போன்ற மலை மாவட்டமானாலும் இதே வரம்புதான். நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே இருப்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2023-ல் சுட்டிக்காட்டியது. எனவே, எல்லைப் பகுதிகளுக்குத் தமிழ் தெரிந்த மருத்துவர்களை உடனே அனுப்புவது சாத்தியமில்லை. ஆனால், தமிழ் தெரிந்த ஆலோசகர், சமூகப் பணியாளர், செவிலியரை நியமிப்பது சாத்தியமே.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்ற தனிப் பிரிவில் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆள்களைத் தேர்வு செய்கிறது. பட்டா விண்ணப்பத்தைப் படிக்கத் தமிழ் தேவை என ஏற்கும் அரசு, மனத்துயரைக் கேட்கவும் அது தேவை என்பதை மறுக்க முடியாது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், நோயாளி கேட்காமலேயே வெல்ஷ் மொழியில் சேவை வழங்க முன்வர வேண்டும் என்ற கொள்கை 2012 முதல் பின்பற்றப்படுகிறது.

தோட்ட மருத்துவமனைகள் மற்றொரு வாய்ப்பு. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குப் பதிலாக, பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் தொகுப்புச் சட்டம் 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ம் தேதி நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் கீழான விதிகளில் மனநல ஆலோசனையையும் தோட்ட மருத்துவ வசதியின் அங்கமாகச் சேர்க்கலாம். தேனி, கோவை மருத்துவமனைகளுடன் சிகிச்சைப் பதிவுகளைப் பகிர்ந்து கொள்ள இரு மாநில அரசுகளும் உடன்பாடு காணலாம்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பெரும் நிதியும் தேவையில்லை. புரியும் மொழியில் சிகிச்சை என்ற உரிமையை நாடாளுமன்றம் 2017-லேயே வழங்கிவிட்டது. அதை மூணாறு லயங்களுக்கும் அட்டப்பாடி ஊர்களுக்கும் கொண்டு சேர்க்கும் பொறுப்பை தில்லி, திருவனந்தபுரம், சென்னை ஆகிய மூன்றில் எது முதலில் ஏற்கப் போகிறது என்பதே இப்போதைய கேள்வி.