கட்டடத்திற்காகப் பாடசாலையைக் கொடுப்பதா?

வலிகாமத்துக் கிராமப் பாடசாலையொன்றின் பழைய மாணவர் கூட்டத்திற்கு அண்மையிற் சென்றிருந்தேன். ஓடுகள் சரிந்த பழைய மண்டபம். மாரிகாலத்தில் வாங்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் முதுகோடு முதுகாக இருத்திப் படிப்பிக்கிறார்கள். பிள்ளைகளின் தொகை பெருகிவிட்டது. புதிய கட்டடம் வேண்டுமென்பதில் எவருக்கும் ஐயமில்லை. மூன்று மாடிக் கட்டடத்தின் வரைபடமொன்று சுவரிலே தொங்கியது. எல்லோரும் அதனைக் கண்கொட்டாது பார்த்துக்கொண்டிருந்த வேளையிற் பிரமுகர் ஒருவர் எழுந்தார். "மாகாணத்திடம் காசில்லை. தேசியப் பாடசாலையாக மாறச் சம்மதமென்று ஒரு தீர்மானம் போடுங்கள்; கட்டடம் தானாக வரும்" என்றார். கூட்டம் கைதட்டியது.

கைதட்டியவர்களை நான் பழிக்கவில்லை. ஒழுகும் கூரையின் கீழே தன் பிள்ளையை இருத்தியிருக்கும் கமக்காரனுக்கு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைப் பற்றி என்ன கவலை? ஆனால், காணி உறுதியை வாசித்துப் பாராமற் கையொப்பம் வைக்காத அதே கமக்காரன், தன் ஊர்ப் பாடசாலையின் உறுதியை மட்டும் வாசியாமற் கொடுக்கலாமா?

அந்த உறுதியில் உள்ளது இதுதான். 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தம், அரசாங்கப் பாடசாலைகளை மாகாண சபைகளின் பொறுப்பில் விட்டது. கல்விக் கட்டடங்களை அமைத்தலும் பேணலும் அப்பொறுப்பைச் சேர்ந்தவையே. ஆயினும் ஒரு விலக்கு வைத்தது: தேசியப் பாடசாலைகள் மத்திய அரசுக்குரியன. எவை தேசியப் பாடசாலைகள், எத்தனை ஆகலாம் என்பதற்கு அங்கே வரம்பு எதுவும் இல்லை. திருத்தம் வேண்டாம், பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு வேண்டாம், சர்வசன வாக்கெடுப்பும் வேண்டாம். பெயர்ப்பலகை ஒன்றே போதும். தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த தேசியப் பாடசாலைகள் பின்னர் முந்நூற்றைத் தாண்டின. 2021 இல் அதனை ஆயிரமாக்கும் திட்டம் வந்தபோது, பல ஊர்களில் மாறியது பலகையேயன்றிக் கூரையன்று. அந்தக் கதையை அறிந்த பின்னுமா கைதட்டுவது?

இந்த மண்ணிற் பாடசாலைகளைக் கட்டியவர் யார்? 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர் பெருமான் எந்த மந்திரியின் வாசலிலும் போய் நிற்கவில்லை. 1886 இற் சிறிய ஆங்கிலப் பள்ளியாகத் தோன்றிப் பின் சைவ பரிபாலன சபையின் கையில் வளர்ந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் வரலாற்றைப் பாருங்கள். அது தன் மதிலுக்குள்ளே மட்டும் உயரவில்லை. வட்டுக்கோட்டையிலும் காரைநகரிலும் சாவகச்சேரியிலும் உரும்பிராயிலும் இணைப் பாடசாலைகள் அதன் நிருவாகத்தில் இயங்கின. 1923 இல் எழுந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. மிஷனரிமார் கட்டியவற்றையும் மறப்பதற்கில்லை. உடுவில் மகளிர் கல்லூரி 1824 இலேயே தொடங்கிவிட்டது.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளின் முகாமையையும் உடைமையையும் அரசின் கைக்கு மாற்றின. அது முழுவதும் தீமையென்று வாதாட நான் வரவில்லை. சமாசனம் கேட்ட பிள்ளைகளுக்குக் கதவடைத்த முகாமையாளரும் நம்மிடையே இருந்தனர். அந்த வெட்கத்தை மறைத்துப் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது. ஆனால் உடைமையை எடுத்துக்கொண்டவன் கடமையையும் எடுத்துக்கொள்ள வேண்டுமல்லவா? நிலம் எம் பாட்டன் கொடுத்தது, சுவர் ஊரார் எழுப்பியது, இரண்டும் அரசின் பெயரில் இருக்கின்றன. அந்தச் சுவர் இடிந்தால் மட்டும், "இன்னும் என்ன தருவீர்கள்?" என்று அதே அரசு எம்மைக் கேட்கிறது!

மாகாணத்திடம் காசில்லையென்பது மெய்யே. ஏன் இல்லை? மாகாணத்தின் பணத்திற் பெரும்பகுதி கொழும்பு அளந்து கொடுக்கும் நன்கொடை. வாய்க்காலை மேலே மறித்துவிட்டு, வாடிய பயிருக்குச் செம்பிலே தண்ணீர் நீட்டுபவனை வள்ளல் என்பதா? செம்பைப் பெற்றுக்கொண்டால், பிறகு ஓர் ஆசிரியரின் இடமாற்றத்திற்கும் பத்தரமுல்லை இசுருபாயவின் படிகளில் ஏறவேண்டும்.

எம்மவர் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2013 இல் மக்கள் பெருவாரியாக வாக்களித்து அமைத்த வடமாகாண சபை, தீர்மானங்களில் காட்டிய ஊக்கத்தை நியதிச்சட்டங்களிற் காட்டவில்லை. கல்வியில் எமக்கிருந்த சிறு அதிகாரத்தையேனும் உழுது பயிரிட்டோமில்லை. 2018 இற் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. தரிசாய்க் கிடக்கும் காணியை அயலான் வேலி தள்ளி எடுப்பது புதுமையா?

ஆகவே, கட்டடம் வேண்டாமென்கிறேனா? இல்லை. முதலில் ஆறு அறைகள் கொண்ட கீழ்த்தளம் எழட்டும். அத்திவாரம் மூன்று மாடிக்கு இடப்படட்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் அனுப்பும் பணம், வங்கிச் சிட்டையில் எவரேனும் ஒருவர் பெயரிற் கிடவாமல், நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய நம்பிக்கைச் சாசனத்தின் கீழ் வரட்டும். கணக்கு ஆண்டுதோறும் ஊரார் முன் வாசிக்கப்படட்டும். மேல் மாடிகளுக்கான செலவை மாகாணத்திடம் எழுத்திற் கேட்போம். மறுத்தால் மறுப்பையும் எழுத்திற் பெறுவோம். பணம் ஏன் வரவில்லையென்று பாராளுமன்றத்தில் எழுந்து கேட்பது எமது உறுப்பினர் கடன். மாகாண சபைத் தேர்தலைக் கேட்பதும் இதே கோரிக்கையின் மறுபாதி.

அன்றைய தீர்மானம் இன்னும் ஒப்பேறவில்லை. செயலாளர் அதனை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்திருக்கிறார். "இப்பாடசாலை மாகாணப் பாடசாலையாகவே இருக்கும்" என்னும் திருத்தத்தை எழுதி அவரிடம் கொடுத்துவிட்டேன். அதனை வழிமொழிய ஒருவர் வேண்டும். புகையிலைக் கன்று நடும் வேலை இருக்குமென்பது தெரியும். ஆயினும் அன்று ஒரு மணி நேரம் வந்து போங்கள்.