மலையே இல்லாத ஊர்ல மவுண்டன் பைக்

மொதல்ல ஒரு வாக்குமூலம். என்கிட்டயும் ஒரு மவுண்டன் பைக் இருக்கு. 21 கியர், முன்னாடி சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், டிராக்டர் டயருக்குத் தங்கச்சி மாதிரி ஒரு டயர். பிளஸ் டூ மார்க்கைக் காட்டி அப்பாகிட்ட அடம்பிடிச்சு வாங்கினது. கடைக்காரர், "தம்பி, இதுக்கு ரோடே வேணாம், எங்க வேணா விடலாம்"னார். அந்த ஒத்த வரியிலதான் விழுந்தேன். பி.காம் மூணாவது வருஷம் முடியப்போகுது. முன்பக்கத்துச் சின்னப் பல்சக்கரத்துல இன்னிக்கு வரைக்கும் செயின் உட்கார்ந்ததே இல்ல. எங்க உட்காரும்? புதுக்கோட்டையிலேர்ந்து அறந்தாங்கி வழியா மணமேல்குடி கடல் வரைக்கும் ஊரே தோசைக்கல் மாதிரி கிடக்கு. (நார்த்தாமலை, குடுமியான்மலைன்னு உடனே கிளம்பாதீங்க. அதெல்லாம் நடந்து ஏறிப் பார்க்க வேண்டிய பாறைங்க.)

இப்ப எதுக்கு இந்தப் புலம்பல்? நம்ம பசங்க டிசம்பருக்கு ஒரு திட்டம் போட்டிருக்காங்க. கோடியக்கரை. நம்ம மணமேல்குடி கோடியக்கரை இல்ல மக்கா, வேதாரண்யம் தாண்டி இருக்கே, அந்தச் சரணாலயம். வேன்ல சைக்கிளை ஏத்திட்டுப் போய், ரோட்டை விட்டு இறங்கி, சதுப்புல ஓட்டி, சேறு தெறிக்கத் தெறிக்க வீடியோ எடுக்கணுமாம். நான் வரலைன்னு சொன்னதுக்கு ரெண்டு நாளா எனக்குப் பட்டப்பேர் "பறவை தாத்தா". சரி, தாத்தா கொஞ்சம் பேசுறேன், கேட்டுட்டுப் போங்க.

கோடியக்கரையில எவ்வளவு உயரம் ஏறலாம்னு தெரியுமா? ராமர் பாதம்னு ஒரு மணல் மேடு இருக்கு. அங்க அதுதான் உச்சி. சுமார் 4 மீட்டர். நம்ம காலேஜ் மாடிப்படி அதைவிட உசரம். மவுண்டன் பைக் பொறந்த கதையை இதோட வச்சுப் பாருங்க. 1970-கள்ல கலிஃபோர்னியாவுல மவுண்ட் டமால்பைஸ் பக்கத்துப் பசங்க பழைய கனத்த சைக்கிளை மலை மேல தூக்கிட்டுப் போய் மண் பாதையில கீழ உருட்டி விட்டாங்க. 1976-ல ஆரம்பிச்ச அவங்க பந்தயத்துக்குப் பேர் ரீபேக். மூணு கிலோமீட்டர் சொச்சத்துல சுமார் 400 மீட்டர் இறக்கம். கீழ வந்து சேர்றதுக்குள்ள பின் சக்கரத்து ஹப்புல பிரேக் கிரீஸ் உருகிப் புகையும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுசா கிரீஸ் அடைக்கணும், அதான் ரீபேக். அந்தச் சரிவுக்காகத்தான் சஸ்பென்ஷன், கட்டைப் பல் டயர், இத்தனை கியர் எல்லாம் வந்துச்சு. தட்டையான சேத்துல அந்த டயர் என்ன பண்ணும்? அமுங்கும், கிழிக்கும். அவ்வளவுதான். உப்புச் சேறு செயினை என்ன பண்ணும்னு நான் சொல்லணுமா?

இதுல ஒரு வேடிக்கை. மவுண்டன் பைக்கைக் கண்டுபிடிச்ச அதே அமெரிக்காவுல, 1964 சட்டப்படி காட்டு நிலம்னு ஒதுக்கின பகுதிக்குள்ள இயந்திரப் போக்குவரத்தே கூடாது. சைக்கிளும் அதுல சேர்த்திதான்னு 1984-ல அவங்க வனத்துறை தெளிவா விதி போட்டிருச்சு. மலை இருக்கிறவனே அடங்கி நிக்கிறான்.

ஆனா என் கோபம் சட்டத்துல ஆரம்பிக்கல. கவிநாடு கண்மாயில ஆரம்பிச்சுது. ரெண்டு கோடைக்கு முன்னாடி, தண்ணி வத்திக் கிடந்தப்ப, "ரோடே வேணாம்" வண்டியை எடுத்துக்கிட்டு உள்வாய்க்குள்ள இறங்கினேன். வெடிச்ச மண்ணு மேல ஓட்ட நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துச்சு. என்னைப் பாராட்டுதுன்னு நினைச்சேனோ என்னமோ, இன்னும் வேகமா மிதிச்சேன். கரையில ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த தாத்தா ஒருத்தர் கையை ஆட்டிக்கிட்டே வந்து, "ஏப்பா, அது முட்டை மேலதான் சுத்திக்கிட்டு இருக்க, இறங்கு"ன்னார். இறங்கிப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல. அவர் விரலை நீட்டிக் காட்டின பிறகுதான் தெரிஞ்சுது. கூடுன்னு ஒண்ணும் கிடையாது, சும்மா ஒரு சின்னக் குழி. நாலு கூழாங்கல்லு மாதிரி இருந்திருக்கணும். மூணுதான் முழுசா இருந்துச்சு. நாலாவது மேல என் டயரோட பல் அச்சு, செம அழகா, கடையில காட்டுற படம் மாதிரி பதிஞ்சிருந்துச்சு.

தாத்தா திட்டக்கூட இல்ல. "தெரியாமத்தான"ன்னுட்டுப் போயிட்டார். அன்னிக்கு வண்டியைத் தள்ளிக்கிட்டேதான் கலுங்கு வரைக்கும் வந்தேன்.

அப்புறம்தான் படிச்சேன். ஈர நிலத்துல "காலி இடம்"னு நமக்குத் தெரியறது எதுவும் காலி இல்ல. ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான் மாதிரிப் பறவைங்க தரையிலதான் முட்டை வைக்கும். முட்டை கண்ணுக்குத் தெரியாதபடி இருக்கிறதுதான் அதுக்கு ஒரே பாதுகாப்பு. நரிக்கிட்டேர்ந்து தப்பிக்க வச்ச ஏற்பாடு, டயருக்கு முன்னாடி அதுவே எமன். அலையாத்திக் காட்டுல சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற குச்சியெல்லாம் அந்த மரத்தோட மூச்சு வேர். முத்துப்பேட்டையிலயும் சரி, நம்ம மீமிசல் பக்கம் முத்துக்குடாவுலயும் சரி, அது மேல ஏத்துறது அதோட மூக்கை மிதிக்கிற மாதிரி.

டிசம்பர்ல முட்டை இருக்காதே, அப்ப போனா என்னன்னு நம்ம அறிவாளி ஒருத்தன் கேட்டான். டிசம்பர்ல அங்க இருக்கிறது விருந்தாளிங்க. கொசு உள்ளான்னு ஒரு பறவை, மொத்த எடையே இருபது முப்பது கிராம். ஆர்க்டிக் பக்கத்துல பொறந்து, அங்கேர்ந்து பறந்து வேதாரண்யம் சதுப்புக்கு வருது. சேத்துக்குள்ள இருக்கிற புழு பூச்சியைத் தின்னு கொழுப்பு சேர்த்தாத்தான் கோடை வர்றப்ப திரும்பிப் போக முடியும். நீ ஒரு தடவை குறுக்க ஓட்டினா கூட்டமே எழும்பும். வீடியோவுல பிரமாதமா இருக்கும். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அது சேர்த்த கொழுப்புல கொஞ்சம் கரையுது. அஞ்சு வண்டி, பத்து டேக், அடுத்த வாரம் அதைப் பார்த்துட்டு இன்னொரு காலேஜ்... செலவு அது கணக்குல, லைக் நம்ம கணக்குல. மூணு வருஷமா இதைத்தான புறச் செலவுன்னு எகனாமிக்ஸ் பேப்பர்ல எழுதி மார்க் வாங்குறோம்?

இனி வழக்கமா வர்ற வாதங்கள்.

"மாடு போகுது, மட்டக்குதிரை போகுது, நாங்க போனா மட்டும் தப்பா?" போகுதுதான். அதுங்களும் மிதிக்கும்தான். ஏற்கெனவே நஷ்டத்துல ஓடுற கணக்குல இன்னொரு பற்று எழுதினா அது வரவாயிடாது அப்பு.

"டூரிஸ்ட் வண்டியையே உள்ள விடுறாங்களே?" பாதையிலதான் விடுறாங்க. ஒரே கோட்டுல தினமும் போய் வர்ற வண்டிக்குப் பறவை பழகிடும். கோட்டை விட்டு எது இறங்கினாலும் மிரளும். பறவை பார்க்கிறவங்க காருக்குள்ளயே உட்கார்ந்துக்கிட்டு பைனாகுலர் பிடிக்கிறது சோம்பேறித்தனம் இல்ல. தவிர, 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ள போறதே அனுமதி வாங்கித்தான். கேட்டுல வாங்குற சீட்டு பாதைக்குத்தான், சேத்துக்கு இல்ல.

"பெரிய பெரிய ஆளுங்க உப்பளம், இறால் பண்ணைன்னு அழிச்சதை விடவா நாங்க பண்ணிடப் போறோம்?" இதுதான் கொஞ்சம் வலுவான கேள்வி. பதிலும் அந்தக் கரையிலேயே இருக்கு. இறால் பண்ணைங்க விளைநிலத்தையும் குடிதண்ணியையும் உப்பாக்கினப்ப, அந்த ஊர்க்காரங்களோட நின்னு போராடினவங்க கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். ஜெகந்நாதன் பேர்லயே வழக்கு. 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துல அந்தப் பண்ணைங்க கூடாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. எண்பது வயசுல இருந்த ஒரு மனுஷன் பெரிய ஆளுங்களோட மோதிக்கிட்டு இருந்த மண்ணுல, நாம போய் "அவனே பண்றான், நாங்களும் பண்ணுவோம்"னு சொல்லப் போறோம். கூச்சமா இல்ல?

நான் சைக்கிளுக்கு எதிரி இல்ல. புதுக்கோட்டைக்காரன் எப்படி எதிரியா இருக்க முடியும்? 1990-கள் ஆரம்பத்துல அறிவொளி இயக்கம் வந்தப்ப, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, இந்த மாவட்டத்துல லட்சம் பொம்பளைங்களுக்கு மேல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. சாய்நாத் அதை எழுதி உலகத்துக்கே சொன்னார். எங்க அப்பத்தாவும் அதுல ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் பத்தாமப் போய் பார் வச்ச சைக்கிள்லயே கத்துக்கிட்டுச்சாம், முட்டி தேஞ்ச தழும்பை இன்னும் காட்டும். பின்னாடி தண்ணிக் குடம், முன்னாடி பார்ல எங்க அப்பா. பாதை இல்லாத இடத்துக்குப் போக அது சைக்கிள் கத்துக்கல. பாதை இருந்தும் தனியா விடாத இடத்துக்கெல்லாம் போகத்தான் கத்துக்குச்சு. சந்தை, ஆஸ்பத்திரி, பேங்க்.

சரணாலயத்துக்கும் சைக்கிள் ஆகாதுன்னு இல்ல. ராஜஸ்தான்ல பரத்பூர் கேவலாதேவ் பூங்கா, 29 சதுர கிலோமீட்டர், அதுவும் தட்டையான ஈர நிலம். 1981-லேர்ந்து ராம்சர் பட்டியல்ல இருக்கு (நம்ம கோடியக்கரை 2002-ல சேர்ந்துச்சு). அங்க சுத்திப் பார்க்கிறதே வாடகை சைக்கிள்லயும் ரிக்‌ஷாவுலயும்தான். ரிக்‌ஷா ஓட்டுறவங்களே பறவை பேரெல்லாம் சொல்லி வழிகாட்டுவாங்க, அதுல அவங்க வீட்டு அடுப்பும் எரியுது. எல்லாம் மேட்டுப் பாதையில. கியர் இல்ல, சஸ்பென்ஷன் இல்ல, சத்தமும் இல்ல. சைக்கிள் அளவுக்கு அந்த இடத்துக்குப் பொருத்தமான வண்டி வேற கிடையாது, பாதையை விட்டு இறங்காத வரைக்கும்.

அதனால டிசம்பர் டிரிப்புக்கு நானும் வர்றேன். சைக்கிளோடதான் வர்றேன், ஆனா அப்பத்தாவோட பழைய சைக்கிள். கேட்டுலேர்ந்து தார் ரோட்டுல, அனுமதிச்ச பாதை முடியற இடம் வரைக்கும். அங்க ஸ்டாண்டு போட்டுட்டு உட்கார்ந்து பூநாரை பார்ப்போம். யார் யார் வர்றீங்க, கை தூக்குங்க. சேத்துலதான் இறங்குவேன்னு நிக்கிறவன் வேற வேன் பிடிச்சுக்கலாம், பெட்ரோல் காசுல என் பங்கு கிடையாது.

டிஸ்கி: மேலே சொன்ன மவுண்டன் பைக் விற்பனைக்கு. கொல்லிமலைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு முன்னுரிமை, 70 கொண்டை ஊசி வளைவு வச்சிருக்கீங்க. முன்பக்கத்துச் சின்னப் பல்சக்கரம் புத்தம் புதுசு :)