‘நீர்க்கட்டி’ என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம்

“அவளுக்கு நீர்க்கட்டியாம். சீக்கிரம் கல்யாணத்த முடிச்சிடுங்க, இல்லன்னா குழந்த தங்காது.” திருமண மண்டபத்திலோ கோயில் திருவிழாவிலோ யாராவது இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அருகில் நிற்கும் 16 வயதுப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்? இந்தப் பேச்சில் அறிவியல் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பார்ப்போம்.

பிசிஓஎஸ் எனப்படும் இந்தக் குறைபாட்டை 1935இல் சிக்காகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவந்தல் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். இன்று பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே அல்ல. கருமுட்டையைத் தாங்கி, முழுமையாக வளராமல் நின்றுவிட்ட சிறு பைகள். அளவு 2 முதல் 9 மில்லிமீட்டர்தான். ஆண்ட்ரோஜன் ஹார்மோன் மிகுவதாலும், பலருக்கு இன்சுலின் சரிவர வேலை செய்யாததாலும் கருமுட்டை மாதந்தோறும் வெளியேறுவதில்லை. அதனால் மாதவிடாய் தள்ளிப்போகிறது.

பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்கற்று வருவது இயல்பு. அந்த வயதில் ஆரோக்கியமான பெண்ணின் சினைப்பையிலும் இத்தகைய பைகள் நிறையத் தெரியலாம். எனவேதான், பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம் என்று 2023இல் வெளியான அனைத்துலக மருத்துவ வழிகாட்டி கூறுகிறது. மருத்துவரே பொறுமை காக்கும்போது, நாம் ஏன் அவசரப்பட்டுப் பெயர் சூட்டுகிறோம்?

சரி, குழந்தை? பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். சிலர் சிகிச்சையின்றியே, சிலர் கருமுட்டையை வெளியேறச் செய்யும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளின் உதவியுடன். இதற்குத் திருமணம் மருந்தாகாது. அதே வேளையில், வயதைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்பதும் சரியன்று. 35 வயதையொட்டி எல்லாப் பெண்களுக்கும் கருவுறும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. சிகிச்சை தேவைப்படுவோருக்குக் கூடுதல் காலமும் பிடிக்கலாம். ஆகவே, குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் அதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி, இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துத் திட்டமிடுவது நல்லது. இது வளர்ந்த பெண் தானே எடுக்க வேண்டிய முடிவு. படிவம் நான்கில் படிப்பவள்மீது உறவினர் சுமத்த வேண்டியதன்று.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: ‘இது இருந்தால் கருவே தங்காது.’ கருமுட்டை எந்த மாதமும் வெளியேறலாம்; எப்போது என்று கைப்பேசிச் செயலியால்கூடச் சரியாகக் கணிக்க முடியாது. அந்த எண்ணத்தை நம்பி எதிர்பாராமல் கருவுற்றவர்களும் உண்டு.

பூப்பெய்தி ஓராண்டு கடந்த பிறகும் 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டாலோ, முகத்தில் முடி அதிகமாக வளர்ந்தாலோ, அம்மாவிடம் சொல்லி கிளினிக்குக்குச் செல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வகுப்புத் தோழியின் முகப்பருவையோ உடல் எடையையோ கேலி செய்யாதீர்கள். அதன் பின்னால் ஒரு ஹார்மோன் கோளாறு இருக்கலாம்.

அடுத்த முறை யாராவது ‘சீக்கிரம் கல்யாணத்த முடிங்க’ என்றால், “முதல்ல டாக்டரப் பார்ப்போம், ஆன்ட்டி” என்று பணிவாகச் சொல்லுங்கள். நாம் கற்ற அறிவியல் அதற்காவது பயன்படட்டும்.