பனியன் பட்டணத்தில் பாட்டு

சங்கீத விமர்சனம் என்றால் மயிலாப்பூர்ச் சபாக்களில் உட்கார்ந்துகொண்டுதான் எழுத வேண்டும் என்று எங்கேயும் சட்டம் இல்லை. மார்கழி மாதம் முழுவதும் தலையை ஆட்டுகிறவர்கள் மட்டுமே ரஸிகர்கள் என்றால், இயந்திர இரைச்சலுக்கு நடுவே காதில் சிறு கருவியைச் செருகிக்கொண்டு வேலை நேரம் முழுவதும் பாட்டுக் கேட்கிற திருப்பூர்த் தொழிலாளியை என்னவென்று அழைப்பது? மணிக் கணக்குப் பார்த்தால் அவரைக் காட்டிலும் பெரிய ரஸிகர் தமிழ்நாட்டில் இல்லை என்பது நமது அபிப்பிராயம். ஆகையால், அண்மைக் காலத்து இசைத் தொகுதிகள் சிலவற்றை இந்த வாரம் அந்த ஊர்க் காதைக் கொண்டே எடை போட உத்தேசித்திருக்கிறோம். இதில் தாட்சண்யத்துக்கும் இடமில்லை, துவேஷத்துக்கும் இடமில்லை.

உலகப் புகழ் பெற்றதை முதலில் எடுத்துக்கொள்வோம். 'சக்தி' குழுவினர் 1977-ஆம் ஆண்டுக்குப் பிறகு, நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2023-இல் 'திஸ் மோமென்ட்' என்ற தொகுதியை வெளியிட்டார்கள். அதற்கு 2024-இல் கிராமி விருது கிடைத்தது. ஜான் மக்லாப்லினின் கிதார், ஜாகிர் உசேனின் தபலா, சங்கர் மகாதேவனின் குரல், கணேஷ் ராஜகோபாலனின் பிடில், கடம் விக்கு விநாயக்ராம் அவர்களின் புதல்வர் செல்வகணேஷின் கஞ்சிரா என்று ஐந்து மகா சமர்த்தர்கள் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸின் நினைவாக அமைந்த முதல் பாட்டு மனத்தை உருக்குகிறது. ஆனால் பல இடங்களில் வேகம் ஓவர்லாக் இயந்திரத்தோடு போட்டி போடுகிறது. 'சபாஷ்' சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த சங்கதி வந்து விழுகிறது. வேகம் தணிந்து ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கும் இடங்களே உத்தமமானவை. 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமான பிறகு அந்த இடங்களைக் கேட்டால் நெஞ்சு கனக்கிறது.

அடுத்தது இளையராஜா. 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவைக் கொண்டு தமது சிம்பொனியை அவர் அரங்கேற்றினார். தமிழர் அனைவரும் பெருமை கொண்டோம், அது நியாயமே. ஆனால் பாராட்டுரை வழங்கியவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டவர்கள் என்று விசாரித்தால் பலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சிம்பொனியைப் புகழ்வது சுலபம். அதைக் கேட்கக் காதைப் பழக்குவது கஷ்டம். அதற்குப் படிக்கட்டாக உதவக்கூடியது 2005-இல் வெளிவந்த அவருடைய 'திருவாசகம்'. புடாபெஸ்ட் நகரத்து வாத்தியக் குழுவுக்கு நடுவே மாணிக்கவாசகரின் சொற்கள் தனியே நிமிர்ந்து நிற்கின்றன. நடுவில் புகும் ஆங்கில வரிகள் மட்டும் பட்டு வேட்டியின் மேல் கட்டிய கழுத்துப் பட்டைபோல நமக்குத் தோன்றின. விருந்தினருக்குப் புரிய வேண்டும் என்ற நல்லெண்ணம் வாஸ்தவந்தான். ஆனால் திருவாசகத்துக்கு உருக மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

மூன்றாவது, இளைஞர்களின் சொல்லிசை. அறிவு என்ற கவிஞர் 2019-இல் ஒஃப்ரோவுடன் சேர்ந்து வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுதியில் ஆத்திரம் நிறைய இருக்கிறது. அதற்குக் காரணமும் நிறைய இருக்கிறது. சிற்சில இடங்களில் பாட்டுப் பிரசங்கமாக மாறிவிடுவதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் 2021-இல் தீயும் அறிவும் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வேறு ஜாதி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளை நினைத்துப் பேரன் எழுதியது அது. ஒப்பாரியும் கும்மாளமும் ஒரே பாட்டில் சண்டையின்றிக் குடித்தனம் செய்கின்றன. அதே ஆண்டில் ஒரு சங்கீதப் பத்திரிகையின் அட்டையில் அப்பாட்டைப் பேசியபோது எழுதியவரின் படம் இடம் பெறவில்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்கென்று தனி அட்டை வந்தது. உழைத்தவன் பெயர் சரக்கில் இருக்காது என்பது திருப்பூருக்குப் புதிய செய்தியல்ல. அவ்வூர்த் தையற்காரர் தைத்த சட்டையில் கடல் கடந்த கம்பெனியின் பெயர்தானே பளபளக்கிறது!

நாலாவது, கொங்கு நாட்டின் சொந்தச் சொத்தாகிய வள்ளி கும்மி. ஆண்கள் மாத்திரம் ஆடிவந்த இதில் பெண்களையும் சேர்த்துப் பயிற்றுவித்தவர் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன். 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று கோயில்தோறும் நூற்றுக் கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் சுற்றி ஆடுவது கண்ணுக்கு விருந்து. ஆயினும் நமக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஒலிபெருக்கியின் அட்டகாசம். கும்மியின் உயிர் கையொலியில் இருக்கிறது. ஆயிரம் கைகள் தட்டியும் ஓசை கேட்கவில்லையென்றால் அது கும்மியாகாது. இரண்டாவது பெரிய குறை. சில மேடைகளில், சொந்த ஜாதியிலேதான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று பெண்களைக் கொண்டு உறுதிமொழி சொல்ல வைத்ததாகச் செய்திகள் வந்து கண்டனத்துக்கு உள்ளாயின. வள்ளி யார்? தினைப்புனம் காத்த குறமகள். மணந்தவன் யார்? தேவர்களின் சேனாபதி. அவர்களுடைய காதல் கதையைப் பாடி முடித்தபின் அத்தகைய உறுதிமொழி வாங்குவது, முருகப் பெருமானையே வாசலில் நிறுத்தி ஜாதி கேட்பதற்குச் சமானம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று திருப்பூர் மேஜைகளில் ஒரிஸாக்காரரும் பீகார்க்காரரும் தமிழரோடு சேர்ந்து அமர்ந்து தைக்கிறார்கள். ஒருவர் காதில் போஜ்புரிப் பாட்டு, மற்றவர் காதில் ஒரியா, மூன்றாமவர் காதில் நம்முடைய சினிமா மெட்டு. துணி ஒன்று, நூல் ஒன்று. பாட்டு மட்டும் தனித்தனி. 1932 ஜனவரியில் கொடியைக் கையில் பற்றியபடியே அடிபட்டு உயிர் நீத்த குமரன், தமிழனுக்கு மட்டுமாக அந்தக் கொடியைப் பிடிக்கவில்லை. இந்த மூன்று காதுகளையும் ஒன்று சேர்க்கும் தொகுதி எதுவும் நம் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியாக ஒரு தனிப் பாட்டு. எண்ணூர்க் கழிமுகத்தைத் தொழிற்சாலைகள் பாழாக்குவதைப் பற்றிக் கபேர் வாசுகி எழுதி, டி. எம். கிருஷ்ணா 2017-இல் பாடிய 'புறம்போக்கு'ப் பாடல். ஆனந்தபைரவியும் பேகடையும் சாம்பல் மேட்டின் நடுவே ஒலிப்பதைக் கேட்டுச் சில வைதிக ரஸிகர்கள் முகம் சுளிக்கலாம். நமக்கோ ராகம் புது அர்த்தம் பெற்றதாகவே பட்டது. பாடகரின் உச்சரிப்பில் சென்னைத் தெருவின் பேச்சு முழுவதும் இறங்கவில்லை என்பது மட்டுமே நாம் கண்ட குறை.

அதைக் கேட்டபோது நொய்யல் நினைவுக்கு வந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து காவேரியில் கலக்கும் நதி அது. சாயக் கழிவு அதன் நிறத்தை மாற்றியது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் விஷ நீர் தேங்கிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. விவசாயிக்கு நிலம் போயிற்று. அப்போது தொழிலாளிக்கு வேலையும் போயிற்று. இரு தரப்புத் துக்கத்துக்கும் வழக்குக் கட்டுக்கள் இருக்கின்றன. ஊரெல்லாம் பாடும் ஒரு பாட்டு இல்லை.

கொங்கு நாட்டில் குரலுக்குப் பஞ்சமா? கொடுமுடி சுந்தராம்பாள் பிறந்த சீமையல்லவா? யாரேனும் நொய்யலுக்கு ஒரு பாட்டுக் கட்டட்டும். தாளம் தப்பினாலும் சுருதி விலகினாலும் அதை முதலில் வாங்கிக் கேட்பவர் நாமாகவே இருப்போம். குறைகளைப் பிறகு நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.