பட்டைக்குறி விவரணை ஆகாது

கோஸ்டாரிக்காவின் பிரகோனிட் ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 புதிய சிற்றினங்களுக்கு 2021இல் ஒரே கட்டுரை பெயர் சூட்டியது. பெரும்பாலானவற்றுக்கு விவரணையாகத் தரப்பட்டவை டி.என்.ஏ. பட்டைக்குறியும் பக்கவாட்டுப் படமுமே. பெயரிடப்படாத சிற்றினங்கள் மலைபோல் குவிந்திருக்க, விரைவு வேண்டும் என்கின்றனர் ஆதரவாளர்கள். அவசரம் மெய்; தீர்வு பிழை.

வேறுபடுத்தும் பண்புகள் சொற்களால் கூறப்பட வேண்டும் என்கிறது பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு விதித்தொகுப்பு. ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு எழுத்துகளின் நிரல் சொல்லன்று. உணர்கொம்பின் கணுக்களையும் சிறகின் நரம்புகளையும் முட்டையிடு குழலின் நீளத்தையும் கூறும் விவரணையை, நுண்ணோக்கி மட்டுமே வாய்த்த இந்தியக் கல்லூரி மாணவரும் சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். பட்டைக்குறியைச் சரிபார்க்கவோ மரபணு ஆய்வக வசதியும் பணமும் வேண்டும். டி.என்.ஏ. சிதைந்த பழைய அருங்காட்சியக மாதிரிகளை அதனோடு ஒப்பிடவும் இயலாது.

பட்டைக்குறி சான்றாக உடனிருக்கட்டும். பெயர் சூட்டுவோர் அடையாளத்தையும் சொல்லியே ஆக வேண்டும்.