மனதிற்குள் உட்கார்ந்த கங்காணி

கீழத்தஞ்சையில் பண்ணையடிமை முறை கோலோச்சிய நாட்களில் சாணிப்பாலையும் சவுக்கடியையும் விடக் கொடியது ஒன்று இருந்தது. "நாம் இதற்கென்றே பிறந்தவர்கள்" என்று அடிபட்டவனே நம்பினான். 1940-களில் தோழர் பி. சீனிவாச ராவும் செங்கொடியும் முதலில் உடைத்தது அந்த நம்பிக்கையைத்தான். கூலி உயர்வெல்லாம் அதன் பிறகு வந்தது.

இன்று எர்ணாவூரில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷிப்டுக்குப் போகும் தொழிலாளர்களிலும் அதே பாரத்தைச் சுமப்பவர்கள் உண்டு. ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், திருநங்கை, திருநம்பி ஆகியோரைத்தான் சொல்கிறோம். கேண்டீனில் கேலி எழுந்தால் எல்லோரையும் விட உரக்கச் சிரிப்பவன் சில வேளை அவனேதான்! தன்னையே அருவருக்க அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். கங்காணி வெளியே இல்லை. உள்ளேயே உட்கார்ந்து விட்டான். தூக்கம் போகிறது, குடி கூடுகிறது, உயிரே வேண்டாமென்ற எண்ணமும் தலைதூக்குகிறது.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? 1860-ல் வெள்ளை ஏகாதிபத்தியம் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுகள் கடந்தும் இவர்களைக் குற்றவாளிகள் என்றது. வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2018 செப்டம்பர் 6-ல்தான். ஒரே பாலினத்தாரை நேசிப்பதை வியாதிப் பட்டியலிலிருந்து உலக சுகாதார ஸ்தாபனம் 1990-லேயே நீக்கிவிட்டது. நம் பக்கமும் கறை இல்லாமலில்லை. 1922-ல் சோவியத் ருஷ்யாவின் சட்டம் கைவிட்ட தண்டனை 1934-ல் மீண்டும் புகுந்தது. அது தவறு என்று சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டாம்.

2021-ல், மதுரையிலிருந்து சென்னைக்கு அடைக்கலம் தேடி வந்த இரு பெண்கள் ஹைகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டனர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இவ்விஷயம் விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, தாமே மனநல நிபுணரிடம் ஆலோசனை பெற்றார். ஜூன் 7-ந் தேதி உத்தரவில், 'மாற்றிக் காட்டுகிறேன்' என்னும் வைத்தியங்களைத் தடுக்கச் சொன்னார். 2022-ல் தேசிய மருத்துவக் கமிஷனும் அதை டாக்டர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. நீதிபதியே ஆலோசனைக்குப் போனார் என்றால், ஒரு மில் தொழிலாளி போவதில் என்ன இழிவு?

போவது பைத்தியப் பட்டம் வாங்க அல்ல. தன்னை மாற்றிக்கொள்ளவும் அல்ல. அமுக்கி வைத்த பயத்தை வாய்விட்டுச் சொல்லி இறக்கி வைக்கத்தான். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கும் அதே எண்தான். பாலினத்தையோ பாலியல் நாட்டத்தையோ காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது, நோயாளியின் விவரம் ரகசியம் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். 'மாற்றுகிறேன்' என்று டாக்டரே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்!

ஆனால், காலையில் நடக்கும் வெளிநோயாளர் பிரிவுக்கு ஷிப்டுக்காரன் எப்படிப் போவான்? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. காண்டிராக்ட் தொழிலாளிக்கு வேலையே போச்சு! திருவொற்றியூர், எண்ணூர் வட்டார இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் மாலை வேளையில் மனநல ஆலோசகர் இருக்க வேண்டும். அங்கு போன செய்தி கம்பெனியின் காதுக்கு எட்டக் கூடாது. யூனியன் கமிட்டிகள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும். கேட் கூட்டத்தில் எவனாவது கேலிப் பெயர் சொல்லி இரைந்தால், அவன் வாயை அடைக்க வேண்டியவரும் யூனியன் தோழர்தான்.